அப்பாவுக்கு சேமநிதி, தம்பிக்கு சம்பளச் சீட்டு: யாருக்கு எந்தக் காசுப் பாடம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறுநகரிலிருந்து இந்த வாரக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் 34 வயதுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கோயில் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால், வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் நிதி அறிவு வகுப்பு ஒன்றை இவர் ஆரம்பித்திருக்கிறார். முதல் வாரம் மண்டபம் நிறைந்தது. கூட்டு வட்டி, பணவீக்கம், வரவு செலவுத் திட்டம் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். இரண்டாம் வாரம் கால்வாசிப் பேர்தான் வந்தார்கள். வராதவர்களில் ஒரு பாட்டி, கடைத்தெருவில் பார்த்தபோது முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாராம்: "எட்டுப் பிள்ளைய அந்தச் சம்பளத்துல வளர்த்தேன். எனக்குக் காசு எண்ணத் தெரியாதாம்மா?"

வீட்டிலும் இவர் பேச்சு எடுபடவில்லை. அப்பாவுக்கு 59 வயது, தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவர். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு, தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் 84,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. "60-இல் எடுக்காவிட்டால் அதற்குமேல் லாபம் போட மாட்டார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி, மொத்தத்தையும் எடுத்து, 50,000 வெள்ளியை ஒரு நண்பர் சொல்லும் தங்க முதலீட்டில் போடப்போகிறார். மாதம் 3 விழுக்காடு தருவார்களாம். மீதியை, தம்பி பெயரில் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்க முன்பணமாகக் கட்டுவதாகத் திட்டம். அம்மாவுக்கு 54 வயது. காலையில் வாசலில் நாசி லெமாக்கும் வடையும் விற்கிறார், பன்னிரண்டு பேரை வைத்து, மாதச் சீட்டான கூட்டு பிடிக்கிறார். 22 வயதுத் தம்பி தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மோட்டார் சைக்கிள் கடன் ஓடுகிறது. ஏடிஎம் அட்டையைச் சில மாதம் கொடுத்து வைத்தால் 300 வெள்ளி தருவதாக ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார். ஆசிரியையின் மகள் தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவி. "இத்தனை வயதினருக்கும் ஒரே பாடத்தை எப்படி நடத்துவது? அப்பாவை எப்படித் தடுப்பது? கூட்டு சரியா, தவறா? நமக்குத்தான் ஏஎஸ்பி முதலீட்டுத் திட்டம் கிடையாதே, பிறகு எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது சரி. பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்து, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று தெரியாமலே கடைக் கணக்கு, கோயில் வரி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் சமாளித்த தலைமுறை அது. 1960-இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதாமாதம் பணம் கட்டிப் பங்கு வாங்கியவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். சேமிப்பு என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களைத் தடுமாற வைப்பது வேறு: படிவங்கள், மாறிக்கொண்டே இருக்கும் விதிகள், கைப்பேசியில் வரும் ஆசை வார்த்தைகள். இதுவரை மாதத்துக்கு நூறு நூறாக எண்ணிய கைக்கு ஓய்வு நாளில் ஒரே தடவையில் எண்பதாயிரம் வருகிறது. அதைக் கையாண்ட பழக்கம் யாருக்கு இருக்கிறது?

ஆகவே வகுப்பின் தலைப்புகளை முதலில் மாற்றுங்கள். கூட்டு வட்டி எல்லோருக்கும் பொதுவான உண்மைதான். ஆனால் யாரும் அதற்காக வெள்ளிக்கிழமை இரவு மண்டபத்துக்கு வர மாட்டார்கள். இந்த வருஷம் எந்தத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறார்களோ, அந்தத் தாளைப் பற்றிப் பேசினால் வருவார்கள். உங்கள் வீட்டிலேயே நான்கு பேர் நான்கு தாளோடு இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

அப்பா: தடுக்க முடியாது, தள்ளிப்போட வைக்கலாம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணம் அப்பாவுடையது. மகள் என்ற முறையில் அதை நிறுத்தி வைக்க உங்களுக்குச் சட்டப்படி வழி இல்லை. அவருடைய இபிஎஃப் இணையக் கணக்கான ஐ-அக்காவுன் மறைச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளும் எண்ணம் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது. வேண்டாம். அது நம்பிக்கையையும் கெடுக்கும், நாளை ஏதாவது ஆனால் பழியும் உங்கள் மேல் விழும்.

ஆனால் அவர் முடிவெடுப்பது தவறான செய்தியை வைத்து. 60 வயதில் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பணம் உள்ளே இருக்கும்வரை, உறுப்பினருக்கு 100 வயது ஆகும்வரை, இபிஎஃப் ஆண்டுதோறும் லாப ஈவு போடும். வழக்கமான கணக்குக்கு 2023-இல் 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். குறைந்தது 2.5 விழுக்காட்டுக்குச் சட்டமே உத்தரவாதம் தருகிறது. தேவைப்படும்போது தேவையான தொகையை மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் வங்கிக்கு வரும்படியும் செய்துகொள்ளலாம். அடக்கமாக 5 விழுக்காடு என்றே வைத்தாலும் 84,000-க்கு வருஷத்துக்கு 4,200 வெள்ளி. மாதம் 350. முதல் கரையாமல்.

இப்போது தங்க முதலீட்டுக்கு வருவோம். மாதம் 3 விழுக்காடு என்றால் 50,000-க்கு 1,500 வெள்ளி. அப்பாவுடைய கண் அந்த 1,500-இல் நிற்கிறது. அதைக் குறை சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்து, 50,000-ஐ 1,500-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 33 வரும். அதாவது அவர்கள் எந்த வியாபாரமும் செய்யாமல், அப்பா கொடுத்த பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தாலும் 33 மாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அந்த 33 மாதத்தில் அப்பாவே பத்துப் பேரைச் சேர்த்துவிட்டிருப்பார். "நண்பருக்கு ஆறு மாதமாகச் சரியாக வருகிறது" என்பது ஒன்றையும் நிரூபிக்காது என்பதை, திட்டாமல் புரிய வைக்க எனக்குத் தெரிந்த சுருக்கமான கணக்கு இதுதான்.

மத்திய வங்கியான பேங்க் நெகாராவும், முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை இணையத்தில் வெளியிடுகின்றன. அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பெயர் இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிடவும் வேண்டாம். புதிய திட்டங்கள் பட்டியலில் ஏறுவதற்குள் பலர் பணம் போட்டு முடித்திருப்பார்கள். கேட்க வேண்டியது, "உங்களிடம் உரிமம் இருக்கிறதா, யார் கொடுத்தது, எண் என்ன?" என்பதே. இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் பணம் கொடுக்கக் கூடாது.

அப்பாவிடம் "போடாதீங்க" என்று சொன்னால் வீம்பு வளரும். "ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்துப் போடலாமே, பணம் அங்கேயே இருந்து லாபம் ஏறட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல முதலீடு ஆறு மாதம் காத்திருக்கும். இபிஎஃப் அலுவலகத்தில் ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை இலவசமாகவே இருக்கிறது. முன்பதிவு செய்து ஈப்போவுக்கு அழைத்துப் போங்கள். மகள் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, முகப்பில் சட்டை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும். நம் வீட்டு ஆண்கள் பலர் அப்படித்தான், என்ன செய்வது.

அங்கே போகும்போதே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள்: வாரிசு நியமனம். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தன் அம்மா பெயரைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் காலமாகிவிட்டதால் அந்த நியமனம் இப்போது செல்லாது. "நான் போனால் எல்லாம் உங்கம்மாவுக்குத்தானே" என்று அப்பா நினைப்பதும் சரியில்லை. முஸ்லிம் அல்லாதவர் நியமனம் செய்திருந்தால், நியமிக்கப்பட்டவருக்கே இபிஎஃப் பணம் சேரும். நியமனமும் உயிலும் இல்லையென்றால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் வரும். அதன்படி, பெற்றோர் உயிரோடு இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு முன்னால் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். பணத்தை எடுத்து வங்கியில் போட்டுவிட்டால் இபிஎஃப் நியமனத்தின் பாதுகாப்பும் அந்தப் பணத்துக்குக் கிடையாது என்பதை அவரிடம் சொல்லுங்கள். சில அப்பாக்களுக்கு லாப விழுக்காட்டைவிட இந்த வாதம்தான் மனத்தைத் தொடும்.

வீட்டு விஷயத்தில் அப்பாவின் கவலை நியாயமானது. தோட்டத்து வீட்டை விடும்போது தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். ஆனால் முன்பணம் அப்பாவுடையது, பெயர் மட்டும் தம்பியுடையது என்றால், சட்டத்தின் பார்வையில் அது தம்பியின் வீடு. தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நாளை அவருக்குக் கல்யாணம் ஆகும், கடன் தவணை தவறலாம், அவருக்கே ஏதாவது நேரலாம். இருவர் பெயரிலும் வாங்க முடியுமா என்று வங்கியையும் வழக்கறிஞரையும் கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்பதில் மானம் ஒன்றும் போகாது. அதோடு, வீட்டை எந்தத் தேதிக்குள் விட வேண்டும், ஓய்வு நன்மைத் தொகை எவ்வளவு என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்பா தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினராக இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று சங்கத்தில் கேட்கலாம்.

தம்பி: ஏடிஎம் அட்டையை இன்றே நிறுத்துங்கள்

இதை ஏதோ சின்னப் பையன் விஷயம்போல் இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் எனக்குப் பதைப்பைத் தந்தது இதுதான். அந்த 300 வெள்ளிக்குப் பெயர் "அக்காவுன் கெல்டாய்". மோசடிக்காரர்கள் பறித்த பணம் தம்பியின் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் வரும்போது காகிதத்தில் இருப்பது தம்பியின் பெயர்தான். 2024-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, நியாயமான காரணமில்லாமல் தன் கணக்கையோ அட்டையையோ பிறர் கையில் கொடுப்பதே தண்டனைக்குரிய குற்றம். "எனக்கு ஒன்றும் தெரியாது, நண்பன் கேட்டான்" என்று சொல்லித் தப்பிப்பது கடினம். இதுவரை கொடுக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் அன்றைக்கே வங்கியை அழைத்து அட்டையை முடக்கி, போலீஸ் புகார் செய்ய வேண்டும். மோசடியில் பணம் போனவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 997. இந்த எண்ணை மண்டபச் சுவரிலேயே ஒட்டி வைக்கலாம்.

மற்றபடி 22 வயதுக்காரரிடம் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சம்பளச் சீட்டை மேசையில் விரியுங்கள். 1,900 வெள்ளிச் சம்பளத்தில் அவர் பங்கு 11 விழுக்காடு, 209 வெள்ளி பிடிக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது, எரிச்சலும் வருகிறது. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 247 வெள்ளி போடுவது பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. ஆக மாதம் 456 வெள்ளி. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10. தம்பிக்கு அந்தப் பத்து என்பது மாதம் 45 வெள்ளிச் சொச்சம். அதை மாதாமாதம் எடுத்துக் கைப்பேசிக்கு ரீலோட் போட்டுவிடுகிறாரா, அவசரத்துக்கு விட்டு வைக்கிறாரா என்று கேளுங்கள். பதிலை வைத்து நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சிரித்துவிட்டு விடுங்கள்.

மோட்டார் கடனையும் அதே மேசையில் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு, 8,000 வெள்ளிக் கடன், வருஷம் 10 விழுக்காடு நிலை வட்டி, ஐந்து வருஷம். மொத்தம் 12,000, மாதம் 200. தம்பி "10 விழுக்காடு" என்றுதான் சொல்வார். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 8,000-க்கே போடப்பட்டிருக்கிறது. உண்மை வட்டி 17 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உங்கள் கூட்டு வட்டிப் படம் செய்யாத வேலையை அவருடைய சொந்த ஒப்பந்தம் செய்துவிடும்.

தவணைகள் கழுத்தை நெரிக்கும் நிலையில் யாராவது வகுப்புக்கு வந்தால், உரிமம் இல்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போவதற்கு முன் ஏகேபிகேயிடம் போகச் சொல்லுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை அமைப்பு அது, கட்டணம் இல்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடையும்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு வருஷம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். மாதம் 10, 20 விழுக்காடு கேட்கிறவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

அம்மாவும் கூட்டும்

கூட்டு சரியா தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது, நம் "கூட்டு" என்ற பெயரிலேயே. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை அது தடை செய்கிறது. அம்மா தலைவியாக இருந்து கழிவும் எடுக்கிறார் என்றால் ஆபத்தான இடத்தில் நிற்கிறார். சட்டம் ஒருபுறம் இருக்க, இரண்டாவது மாதமே சீட்டை எடுத்தவர் ஜொகூருக்கு மாறிப்போய்விட்டால், மற்ற எல்லோருக்கும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். வாசலில் வடை வாங்க வருகிறவர்களும் அவர்கள்தான். இப்போது ஓடும் கூட்டை நல்லபடியாக முடித்துவிட்டு, புதிதாகத் தலைமை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் அந்தப் பழக்கத்தைக் கேவலமாகப் பேசிவிடாதீர்கள். மழையோ வெயிலோ மாதம் 200 வெள்ளியை ஒதுக்கி வைக்கிறவர் உங்கள் அம்மா. உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே பணத்துக்கு வேறு வழி காட்டுங்கள். நிலையான சம்பளம் இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், 60 வயதுக்குள் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து, தாங்களாகவே இபிஎஃப் கட்டலாம். 2025 முதல், கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளிவரை அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000. வாரம் 50 வெள்ளி கட்டினாலே வருஷத்தில் 2,600 ஆகிவிடும், முழு 500-உம் கிடைக்கும். எந்தக் கூட்டிலும் இப்படிக் கிடைக்காது.

இன்னொன்றுக்கு நாள் எண்ண வேண்டியிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் 55 வயது ஆவதற்குள் சேர வேண்டும். வருஷம் 120 வெள்ளி. அம்மாவுக்கு 54 நடக்கிறது. வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டால், நிரந்தரமாக இயலாமல் போனால் அது துணை நிற்கும். அடுத்த பிறந்தநாளுக்கு முன் பதிந்துவிடுங்கள்.

ஏஎஸ்பி நமக்கு இல்லை என்ற வருத்தத்தைப் பல கடிதங்களில் பார்க்கிறேன். ஏஎஸ்பி பூமிபுத்ராக்களுக்கு மட்டும்தான், உண்மை. ஆனால் அதே நிறுவனம் நடத்தும் அமானா சஹாம் மலேசியா எல்லா மலேசியர்களுக்கும் திறந்திருக்கிறது. ஒரு யூனிட் ஒரு வெள்ளி, விலை ஏறி இறங்காது. சில சமயம் யூனிட் காலியாக இருக்காது, திரும்பத் திரும்ப முயல வேண்டும். "நமக்கு வழியே இல்லை" என்ற பேச்சைத் தங்கத் திட்டக்காரர்கள்தான் விரும்பிக் கேட்பார்கள்.

மகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் கொடுக்கும் சிற்றுண்டிக் காசை, திங்கட்கிழமை ஒரே தடவையாக ஐந்து நாளுக்கும் கொடுங்கள். புதன்கிழமையே தீர்ந்துவிட்டால், அன்றைக்கு வீட்டிலிருந்து பசியாறக் கட்டிக் கொடுங்கள், காசு மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். மேற்படிப்புக்கு எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்து வைப்பது நல்லது, பிற்பாடு பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கவும் அந்தக் கணக்கு வேண்டும்.

மண்டப வகுப்பை மறுபடி ஆரம்பிக்கும்போது

வயதை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், நடக்கப்போகும் காரியத்தை வைத்து அழையுங்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மாலை, சம்பளச் சீட்டு. கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு ஒரு மாலை, மண்டபம், நகை, விருந்து எல்லாவற்றுக்கும் சொந்தக் கடன் வாங்கலாமா என்ற பேச்சு. இந்த மாலையில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருந்தால்தான் பயன், செலவை முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தானே. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இபிஎஃப் அறிக்கையும் நியமனமும். பாட்டியை மாணவியாகக் கூப்பிடாதீர்கள். முன்னால் உட்கார வைத்து, அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டை எப்படி ஓட்டினார் என்று இளசுகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பொதுவான தகவலைச் சொல்லிக்கொடுக்க உரிமம் தேவையில்லை. ஆனால் "இதை வாங்கு, அதை விற்றுவிடு" என்று முதலீட்டு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகச் செய்வதற்கு, 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். யாருடைய அடையாள அட்டை எண்ணையும் மறைச்சொல்லையும் குறித்து வைக்காதீர்கள், ஆசிரியை என்ற நம்பிக்கையில் தானாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வகுப்பு கொஞ்சம் பேர் பெற்றதும், தேநீர் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று காப்புறுதி முகவர்களும் யூனிட் டிரஸ்ட் முகவர்களும் வருவார்கள். அதில் நல்லவர்களும் உண்டு. இருந்தாலும் மேடையைக் கொடுக்காதீர்கள், ஏகேபிகே பேச்சாளரை அழைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மண்டபம் இரண்டு வாரம் பொறுக்கட்டும். முதலில் தம்பியின் அட்டை, அப்புறம் இபிஎஃப் அலுவலகத்தில் அப்பாவுக்கு முன்பதிவு. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அம்மாவின் ஐ-சாரான் பதிவையும் அதே நாளில் அங்கேயே விசாரித்து முடித்துவிடலாம்.